பலபடி வேதியியல் ஆய்வாளரின் வெளியீட்டுப் பட்டியலைப் படிக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ ஸ்டெல்லன்பாஷிலோ பலபடி (பாலிமர்) வேதியியலில் முதுநிலை ஆய்வு செய்ய விரும்பும் மாணவர், மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்குமுன் அவருடைய வெளியீட்டுப் பட்டியலைத் தாமே படித்துப் பார்ப்பது நல்லது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அவருடைய பக்கத்தின் வலப்புறத்தில் தெரியும் மேற்கோள் எண்களை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்களே பெரும்பாலோர். ஆனால் அந்த எண்களைக் கடைசியில் பார்ப்பதுதான் சரியான வரிசை என்பது என் கருத்து.

பட்டியலில் உள்ளவை அனைத்தும் அவர் எழுதியவைதாமா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். டர்பன் அமைந்த குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கோவெண்டர், மூட்லி, நாயுடு, பிள்ளை என்னும் குடும்பப் பெயர்கள் மிகப் பரவலானவை என்பதால், முதலெழுத்தும் குடும்பப் பெயரும் ஒன்றாக அமைந்த மருத்துவர், பொறியாளர், வேதியியலாளர் ஆகியோரின் கட்டுரைகள் ஒரே பக்கத்தில் கலந்துவிடுவது எளிது. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளரின் பழைய கட்டுரைகள் விடுபடுவதும் உண்டு. 2012-இல் தொடங்கப்பட்ட ஆர்சிட் என்னும் 16 இலக்க அடையாள எண் இந்தக் குழப்பத்துக்காகவே உருவானது. அந்த எண்ணைக் கொண்டு தேடி, பணியாற்றிய நிறுவனங்களின் பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2004-இல் நட்டால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் ஒன்றிணைந்து குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆனதால், அதற்கு முந்தைய கட்டுரைகளில் பழைய பெயர்களே இருக்கும்.

அடுத்து, ஆசிரியர் வரிசையைக் கவனியுங்கள். வேதியியலில் ஆய்வுக்கூட வேலையைப் பெரும்பாலும் செய்த மாணவர் முதலிலும், குழுவின் தலைவர் கடைசியிலும் இடம்பெறுவது வழக்கம். ஆகவே முதலிடத்தில் மாணவர்களின் பெயர்கள் அடிக்கடி மாறி மாறி வந்தால், அந்தக் குழுவில் மாணவர்களுக்குக் கட்டுரை எழுதும் வாய்ப்புக் கிடைக்கிறது என்று கொள்ளலாம். நடுவில் மட்டுமே பெயர் வரும் நீண்ட பட்டியல், பெரும்பாலும் பிறர் ஆய்வுகளுக்குக் கருவி அளவீடு செய்துகொடுத்ததைக் காட்டும். அதுவும் மதிப்புள்ள வேலைதான், ஆனால் வேறு வகையானது.

கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கண்டு வியக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் ஏற்கப்பட்ட ஆய்விதழ்களில் வெளியாகும் கட்டுரைகளுக்காக உயர்கல்வித் துறை பல்கலைக்கழகங்களுக்கு மானியம் அளிக்கிறது. பல நிறுவனத்தவர் சேர்ந்து எழுதினால் அந்த மானியம் அந்நிறுவனங்களிடையே பகிரப்படும். எண்ணிக்கையைப் பெருக்கும் ஊக்கம் அமைப்பிலேயே இருக்கும்போது, 'மேக்ரோமாலிகியூல்ஸ்', 'பாலிமர் கெமிஸ்ட்ரி' போன்ற துறை இதழ்களில் வந்தவை எத்தனை என்று தனியே எண்ணிப் பார்ப்பதே பயன் தரும்.

ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டியுள்ளன என்னும் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்க்கும்போது தொகுப்புரைக் கட்டுரைகளை ஒதுக்கிவிடுங்கள். தனி உறுப்புகள் (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட துகள்கள்) வழியே நடக்கும் பலபடியாக்கத்தைக் கட்டுப்படுத்தும் ராஃப்ட் முறையைப் பற்றி 1998-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை புதிய செய்முறையைத் தந்ததால் மேற்கோள் பெற்றது. பிறர் கண்டவற்றைத் திரட்டும் தொகுப்புரையோ, அறிமுகப் பத்தி எழுதுவோர்க்கு வசதியாக இருப்பதாலேயே மேற்கோள் பெறும்.

2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்மொழிந்த எச்-குறியீட்டைக் கையாலேயே கணக்கிடலாம். ஒவ்வொன்றும் குறைந்தது எச் மேற்கோள்கள் பெற்ற எச் கட்டுரைகள் இருக்குமாறு அமையும் மிகப் பெரிய எண்ணே அது. ஏழு கட்டுரைகள் முறையே 40, 22, 15, 9, 6, 5, 2 மேற்கோள்கள் பெற்றிருந்தால், ஐந்து கட்டுரைகளுக்கேனும் ஐந்தோ அதற்கு மேலோ இருந்து, ஆறு கட்டுரைகளுக்கு ஆறு இல்லாததால் குறியீடு 5. முதல் கட்டுரை 400 பெற்றாலும் அது 5-தான். மேலும் இக்குறியீடு வயதோடு ஏறுமேயன்றி இறங்காது. எனவே முப்பதாண்டுப் பேராசிரியரோடு இளையவரை ஒப்பிடுவது நியாயமில்லை. ஸ்கோபஸ் என்னும் மேற்கோள் தரவுத்தளத்தில் கண்ட எண்ணைக் கூகுள் ஸ்காலர் எண்ணோடு ஒப்பிடுவதும் தவறு; பின்னது ஆய்வேடுகளையும் சேர்த்து எண்ணுவதால் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும்.

தென்னாப்பிரிக்காவின் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஆய்வாளர்களுக்கு அளிக்கும் மதிப்பீடும் உதவும். ஏ, பி, சி என்னும் பிரிவுகளும் இளையோருக்கான பி, ஒய் பிரிவுகளும் (முதல் 'பி' ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து, அடுத்தது பதினாறாம் எழுத்து) சக ஆய்வாளர்களின் கருத்தைக் கொண்டு வழங்கப்படுகின்றன. ஆனால் ஆய்வாளரே விண்ணப்பித்தால்தான் மதிப்பீடு உண்டு; இல்லாமை குறையாகாது.

இறுதியாக, அவருடைய மேற்கோள் மிகுந்த கட்டுரை ஒன்றைத் திறந்து, அதைச் சுட்டியவர்களுள் அவரும் அவர் குழுவினரும் எத்தனை பேர் என்று பாருங்கள். மற்றவர்கள் அவர் முறையைப் பின்பற்றிப் பலபடியைத் தயாரித்தார்களா, முன்னுரையில் பெயரை மட்டும் சொல்லிச் சென்றார்களா என்பதைப் பத்துக் கட்டுரைகளிலாவது படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளருக்கு எழுதும் முதல் மடலில் அக்குறிப்பிலிருந்து ஒரு கேள்வியைக் கேட்கலாம்.