பூஞ்சைக்கு நைட்ரஜன் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்க்கும் சத்துக் கலவையான வளர்ப்பு ஊடகத்தில் சர்க்கரையை அளந்து அளந்து போடுபவர்கள்கூட, நைட்ரஜனுக்கு அலமாரியில் கிடைக்கும் ஏதோ ஒரு உப்பைப் போட்டுவிடுகிறார்கள். பல சோதனைகள் கெடுவது அங்கேதான்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் பூஞ்சைக்கு அதனால் பயனில்லை. அதை உடைக்கும் நைட்ரோஜினேஸ் என்சைம் சில பாக்டீரியாக்களிடமும், அவற்றைப் போன்ற ஒற்றைச் செல் உயிர்களான ஆர்க்கியாக்கள் சிலவற்றிடமும் மட்டுமே உண்டு.

சரி, நைட்ரேட் போட்டால்? எல்லாப் பூஞ்சையும் அதை எடுத்துக்கொள்ளாது. பூஞ்சை வளர்க்கப் பயன்படும் செப்பெக்-டாக்ஸ் ஊடகத்தில் நைட்ரஜனுக்காக இருப்பது சோடியம் நைட்ரேட். ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூசணம் அதில் செழிக்கும். ரொட்டி ஈஸ்ட்டோ, சுக்ரோஸ் தாராளமாக இருந்தும் வளராது. நைட்ரேட்டை அம்மோனியமாக மாற்றும் என்சைம்கள் அதற்கு இல்லை. அந்த வேலையைத் தொடங்கும் நைட்ரேட் ரிடக்டேஸுக்கு மாலிப்டினமும் தேவை. அதனால் நுண்சத்துக் கரைசலை 'துளிதானே' என்று விட்டுவிடாதீர்கள்.

அதிகம் பேர் கவனிக்காதது பிஎச், அதாவது அமில-கார அளவு. அம்மோனியம் சல்பேட் போட்டால், பூஞ்சை அம்மோனியத்தை உள்ளே இழுத்து ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும். சல்பேட்டில் பெரும்பகுதி கரைசலிலேயே தங்கிவிடும். சில நாட்களில் ஊடகம் கடும் அமிலமாகி வளர்ச்சி நிற்கும். நைட்ரேட்டில் இது தலைகீழ்: அது ஹைட்ரஜன் அயனிகளோடு சேர்ந்தே செல்லுக்குள் போவதால் பிஎச் ஏறும். இதைப் பார்க்காமல் இரண்டு உப்புகளையும் ஒப்பிட்டு, 'இந்தப் பூஞ்சைக்கு அம்மோனியம் ஆகாது' என்று எழுதினால் முடிவே தவறு. தொடக்கத்தில் மட்டுமல்ல, அறுவடையின்போதும் பிஎச் அளந்து குறியுங்கள். அம்மோனியம் டார்ட்ரேட் பயன்படுத்தினால் இந்தச் சரிவு ஓரளவு தணியும்.

அம்மோனியம், நைட்ரேட் இரண்டையும் கலந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் குறையும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸில் அம்மோனியம் இருக்கும்வரை நைட்ரேட்டுக்கான மரபணுக்கள் அடங்கியே இருக்கும். அம்மோனியம் தீர்ந்த பிறகுதான் நைட்ரேட்டின் முறை.

யூரியாவை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவியில்) வைக்கக் கூடாது. சூட்டில் சிதைந்து அம்மோனியா வரும்; வடிகட்டிக் கிருமி நீக்கி, அப்புறம் சேர்க்க வேண்டும்.

புரதம் முழுசாக உள்ளே போகாது. பூஞ்சை, புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் என்சைமை வெளியே சுரந்து, உடைந்து வரும் அமினோ அமிலங்களையும் சிறு பெப்டைடுகளையும்தான் உறிஞ்சும். இங்கேயும் அம்மோனியம் குறுக்கிட்டு, அந்தச் சுரப்பை அடக்கும். பால் கலந்த அகார் ஊடகத்தில் அம்மோனியம் உப்பையும் சேர்த்துவிட்டு, புரதம் உடைந்ததைக் காட்டும் தெளிவான வளையம் வரவில்லையே என்று பூஞ்சையைக் குறை சொல்லாதீர்கள். உப்பை எடுத்துவிட்டு மறுபடி வளர்த்துப் பாருங்கள்.