வெந்நீரா, பானைத் தண்ணீரா, ஐஸ் தண்ணீரா? வீட்டில் முடிவு செய்வது எப்படி

வெந்நீர் கொழுப்பைக் கரைக்கும், ஃப்ரிட்ஜ் தண்ணீர் வயிற்றில் கொழுப்பை உறைய வைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் உண்மையில்லை. எந்தத் தண்ணீரும் வயிற்றுக்குள் போனபின் உடல் சூட்டுக்கு, அதாவது 37 டிகிரிக்கு வந்துவிடும். அரை லிட்டர் ஐஸ் தண்ணீரை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர சுமார் 18 கலோரிதான் செலவாகும். ஒரு இட்லியில் பாதிகூட இல்லை. சூடு முக்கியமாகிற இடங்கள் வேறு.

முதல் படி: கொதிக்க வைப்பது

கைபொறுக்கும் சூட்டில் கிருமி சாகாது. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு அடுப்பை அணையுங்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி 2000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அங்கே மூன்று நிமிடம் விடுங்கள். பிறகு அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள்.

உப்பும் ஃபுளோரைடும் கொதியில் போகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்ற வற்ற அது கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

இரண்டாம் படி: விளாவுவது

பெரும்பாலான வீடுகளிலும் ஹோட்டல்களிலும் தவறு நடப்பது இங்கேதான். நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவிக் கொடுக்கிறார்கள். கொதிக்க வைத்த பலன் அத்தோடு போச்சு. தயவுசெய்து, ஏற்கெனவே கொதித்து ஆறிய தண்ணீரை மட்டும் இதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.

தெர்மாமீட்டர் தேவையில்லை, கணக்கு எளிது. ஆறிய தண்ணீர் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அப்போது இறக்கிய கொதிநீரும் அதுவும் சரிபாதி என்றால் 65 டிகிரி. ஒரு டம்ளர் கொதிநீருக்கு மூன்று டம்ளர் ஆறிய நீர் என்றால் 47 டிகிரிக்குச் சற்று மேல். இதமான வெந்நீர் இதுதான். ஒன்றுக்கு ஆறு என்றால் 40.

அந்த 65ஐ மனதில் வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல், 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் அநேகமாக உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்று வகைப்படுத்தியது. கெடுதல் சூட்டால் வருவது, எனவே டீக்கும் இதே கணக்குதான். சுடச்சுடக் குடிப்பதைப் பெருமையாகச் சொல்லும் பெரியவர்களிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: குளிர வைப்பது

வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் தப்பில்லை. கூடுதலாகக் குடிக்கத் தோன்றும், உடற்சூடும் கொஞ்சம் தணியும். என் ஓட்டு மண்பானைக்கு. பானைச் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த சென்னையில் வேலூர் அளவுக்குக் குளிராது. கழுவச் சோப்பு வேண்டாம், பானை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரும் சுடுநீரும் போதும். கையை விட்டு மொள்ளாமல் நீளக் கைப்பிடி வைத்த அகப்பையால் எடுங்கள்.

தெருவோர ஐஸை மட்டும் தவிருங்கள். உறைவதால் கிருமி சாவதில்லை.

நான்காம் படி: உடம்பைப் பார்த்து மாற்றுவது

சளி பிடித்தால் இளஞ்சூடு நிஜமாகவே இதம் தரும். 2008இல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வில், சூடான பானம் குடித்தவர்களுக்குத் தொண்டை வலியும் இருமலும் குறைந்ததாகத் தோன்றியது. ஆனால் அளந்து பார்த்தபோது மூக்கடைப்பில் மாற்றமில்லை. பல் கூச்சம் உள்ளவர்களும், ஐஸ் தண்ணீரால் ஒற்றைத் தலைவலி கிளம்புகிறவர்களும் சாதா தண்ணீர் குடிக்கலாம்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் போதும், தண்ணீரே வேண்டாம். டாக்டர் சொல்லிப் பவுடர் பால் கொடுப்பவர்கள், கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் கலக்க வேண்டும், ஏனென்றால் பவுடரிலேயே கிருமி இருக்கலாம். பிறகு பாட்டிலைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.