உடலும் ஆவியும்: புதிய பிரசங்கிகள் இடறும் இடங்கள்

ரங்கூனில் எங்கள் தமிழ்ச் சபையில் பிரசங்கம் பண்ணப் பழகும் இளைஞர்களுக்குச் சில ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். வசன எண்ணை மாற்றிச் சொல்வது, நேரம் போவது தெரியாமல் பேசுவது போன்றவை இரண்டு மாதத்தில் தாமாகவே திருந்திவிடும். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. உடலையும் ஆவியையும் பற்றிப் பேசும்போது, அந்த வயதில் நான் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கும்போதுதான் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.

மாம்சம் என்றால் உடம்பு என்று எண்ணுவது

கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் வரும் ‘மாம்சத்தின் கிரியைகள்’ என்ற தொடரை எடுத்துக்கொண்டு, உடம்பே பாவத்தின் இருப்பிடம் என்று முழங்கிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை ஒருவரும் முடிவுவரை வாசிப்பதாகத் தெரியவில்லை. வேசித்தனமும் குடிவெறியும் அதில் உண்டு. விக்கிரகாராதனை, பகை, கோபம், பிரிவினை, பொறாமை ஆகியவையும் அங்கேதான் இருக்கின்றன. பொறாமைப்பட எந்த உறுப்பு வேண்டும்? படுக்கையை விட்டு எழ முடியாதவரும் சபையை இரண்டாகப் பிரிக்கலாம். பிரித்தவரை நான் கண்டிருக்கிறேன்.

இந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் கிரேக்கத்தில் சார்க்ஸ், சோமா என்று இரண்டு சொற்களை ஆளுகிறார். நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு முன்னதைப் பெரும்பாலும் மாம்சம் என்றும் பின்னதைச் சரீரம் என்றும் பிரித்தே தருகிறது. சார்க்ஸ் சில இடங்களில் வெறும் தசையையும் குறிக்கும் என்றாலும், ஆவிக்கு எதிராக அது நிறுத்தப்படும்போது, கடவுளை விட்டுத் தன்னையே சார்ந்து வாழும் மனித இயல்பு முழுவதையும், மனம் உட்பட, குறிக்கிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் மொழிபெயர்ப்பு இதை ‘ஊனியல்பு’ என்று பெயர்த்திருக்கிறது. அதிலுள்ள ‘இயல்பு’ பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. அதே பவுல்தான் 1 கொரிந்தியர் 6:19-இல் சரீரத்தைப் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்கிறார்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் திருந்தவில்லை. இளவயதில் ஒரு லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்திய உபவாச நாட்கள்) முழுவதும், வாரந்தோறும், ‘மாம்சத்தைப் பட்டினி போடுங்கள், அதன் முனகலுக்குச் செவிகொடாதிருங்கள்’ என்று பேசினேன். பொட்டட்டாங் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய, சர்க்கரை வியாதியுள்ள அண்ணன் ஒருவர் தவறாமல் வந்து முன்வரிசையில் அமர்வார். பெட்டியின் ஆணி பாதத்தில் குத்திய காயத்தைப் பழைய லுங்கித் துணியால் கட்டிக்கொண்டு, மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு, உபவாசம் இருந்திருக்கிறார். வாடை அடித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “மாம்சத்தின் பேச்சைக் கேட்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், தம்பி” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

சென்ற மாதம் ஓர் இளைஞர் ஏறக்குறைய என் பழைய சொற்களாலேயே பேசினார். விசாரித்தபோது, ‘என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன்’ என்ற 1 கொரிந்தியர் 9:27-ஐக் காட்டினார். அதற்கு முந்திய வசனங்களில் ஓட்டக்காரனும் சிலம்பக்காரனும் வருகிறார்கள். பந்தயத்துக்குப் பழகுகிறவன் உடம்பைப் பகைப்பதில்லை. அதைக் கொண்டுதான் ஓட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். சரீர ஒடுக்கத்தையே ஞானமாகக் காட்டும் போதனையைக் கொலோசெயர் 2:23-இல் பவுலே கண்டிக்கிறார்.

அடக்க ஆராதனையில் ‘பழைய சட்டையைக் கழற்றிவிட்டார்’ என்பது

இறந்தவர் உடம்பைச் சட்டைபோலக் கழற்றிவிட்டார் என்பது கேட்க இனிமையாக இருக்கும். நம்மைச் சுற்றியுள்ள பிற சமயத்தார் போற்றும் உவமை அது, அவர்களிடத்தில் அதற்குப் பொருளும் உண்டு. ஆனால் ஞாயிறுதோறும் நாம் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுவது சரீரம் உயிர்த்தெழுதல். தேகத்தைவிட்டுக் கர்த்தரிடத்தில் இருப்பதைப் பற்றியும் பவுல் எழுதுகிறார். அதோடு அவர் நம்பிக்கை முடிந்துவிடுவதில்லை. 1 கொரிந்தியர் 15:44 சொல்வது ‘ஆவிக்குரிய சரீரம்’. சரீரமில்லாத ஆவி அன்று. உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டு ஆவி என்று சீஷர்கள் கலங்கியபோது, அவர் பொரித்த மீனை வாங்கி அவர்கள் முன்னே சாப்பிட்டார் என்று லூக்கா எழுதுகிறார்.

ஆவி, ஆத்துமா, சரீரம்: மூன்று வட்டங்கள்

மனிதனை இப்படி மூன்றாகப் பிரித்து வட்டம் வரையாதீர்கள். இம்மூன்றையும் சேர்த்துச் சொல்லும் 1 தெசலோனிக்கேயர் 5:23 ஒரு வாழ்த்து, உடற்கூற்றுப் பாடம் அன்று.

எல்லா நோய்க்கும் பிசாசைக் காரணமாக்குவது

மத்தேயு 4:24 பிணியாளிகளையும் பிசாசு பிடித்தவர்களையும் தனித்தனியே சொல்கிறது. வாசித்துவிட்டு வாருங்கள்.

சோர்ந்தவருக்கு வசனம் மட்டும் கொடுப்பது

சாக வேண்டுமென்று கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். அவன் சாப்பிட்டு, குடித்து, திரும்பவும் படுத்துக்கொண்டான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அதற்குப் பின்புதான். ஆகையால் சோர்ந்தவரை வீட்டில் சந்திக்கப் போகும்போது வேதாகமத்தோடு ஒரு தூக்குவாளியில் கஞ்சியும் எடுத்துச் செல்லுங்கள். அவர் குடித்துத் தூங்கி எழுந்தபின் வாசித்துக்கொள்ளலாம்.