ஈறு வலிக்காது, நாமாகத்தான் பார்க்க வேண்டும்

காரைக்குடியில் பல் மருத்துவராக இருக்கிறேன். ஈறு நோயோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் வருகிறார்கள். ஏன் முன்னாலேயே வரவில்லை என்று கேட்டால், "வலியே இல்லையே" என்பார்கள். உண்மைதான். சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் ராத்திரி தூங்க விடாது. ஈறு நோயில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு வருஷக்கணக்கில் கரைந்துகொண்டிருக்கும், பலருக்கு வலி என்பதே தெரியாது.

அதனால் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் பல் துலக்குவதற்கு முன், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பழைய வீடு என்றால் கைக்கண்ணாடியோடு வளவுக்கு, அதாவது நடுமுற்றத்துக்கு, வந்துவிடுங்கள். உள்கட்டு விளக்கில் ஈறின் நிறம் சரியாகத் தெரியாது.

உதட்டைத் தூக்கிப் பார்த்ததும் ஈறு கருப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நம்மில் பலருக்குப் பிறவியிலேயே ஈறு கருமைதான். பார்க்க வேண்டியது, பல்லைத் தொட்டு நிற்கும் விளிம்பை. நல்ல ஈறின் விளிம்பு மெல்லிசாகப் பல்லோடு படிந்திருக்கும். இரண்டு பல்லுக்கு நடுவில் கூரான முக்கோணமாக இடைவெளியை நிரப்பியிருக்கும். கெட்டுப்போகிற ஈறில் அந்த விளிம்பு தடித்து, பளபளவென்று உப்பி, அடர்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறும், முக்கோணத்தின் நுனி மழுங்கிவிடும். கையை நன்றாகக் கழுவிவிட்டு, சுண்டுவிரலால் ஈறை அழுத்திப் பல்லின் பக்கமாக மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். விளிம்பில் ரத்தம் துளிர்த்தால் வீக்கம் இருக்கிறது. மஞ்சளாகச் சீழ் வந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அப்புறம் பல் துலக்கித் துப்புங்கள். எச்சிலில் ரோஜா நிறம் தெரிகிறதா? கொய்யாப்பழத்தைக் கடித்தால் கடித்த இடத்தில் சிவப்பு ஒட்டுகிறதா? "பிரஷ் குத்தியிருக்கும்" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். எப்போதோ ஒரு நாள் என்றால் சரி. தினமும் வந்தால் அது நோய்தான், மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் நல்ல ஈறில் ரத்தம் வராது. இன்னும் மோசம், ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுவது. அழுக்கு சேர்ந்ததால்தான் ரத்தமே வருகிறது. டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 1965-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போலச் சரியாகிவிட்டது. எனவே பிரஷ்ஷை ஈறு விளிம்பின் பக்கமாகச் சாய்த்து, காலையும் இரவும் இரண்டு நிமிஷம் பொறுமையாகத் துலக்குங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் உள்ளே பற்காரை, அதாவது கல்லாக இறுகிப்போன அழுக்கு, கெட்டியாகப் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். அது பிரஷ்ஷுக்கு வராது.

பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள் ரத்தம் வரவில்லை என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. புகை ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுவதால் உள்ளே நோய் முற்றினாலும் ரத்தம் வெளியே காட்டாது. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு: இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முன்போலத் திறக்க முடியாமை. இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடவே கூடாது, அது புற்றுநோய்க்கான சோதனை செய்ய வேண்டிய விஷயம்.

கண்டனூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர், "பல்லு நீண்டுக்கிட்டே போகுது ஆத்தா" என்று வந்தார். இந்த வயதில் பல் வளராது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தது. கீழ் முன்பற்களின் பின்புறம் கண்ணாடியைக் காட்டினேன். எச்சில் சுரப்பியின் வாய் அங்கே இருப்பதால் முதலில் காரை பிடிக்கும் இடம் அது. பழுப்பும் கருப்புமாக, நாலு பல்லையும் ஒரே வரப்பாகச் சேர்த்திருந்தது. மேல் முன்பல்லில் புதிதாக ஒரு சந்து. சந்து விழுந்தால் அதிர்ஷ்டம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறவிச் சந்து வேறு. நாற்பது, ஐம்பது வயதில் பல் விலகினால் பிடிமானம் போகிறது என்று அர்த்தம். தேன்குழல் சாப்பிடும்போதெல்லாம் ஒரே இடத்தில் சிக்குவதும், பழைய பல்செட் திடீரென்று பொருந்தாமல் போவதும் இதே கதைதான்.

வாய் நாற்றம் நமக்கே தெரியாது. கடைவாய்ப் பல் இடுக்கில் பல் நூலை விட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

சர்க்கரை இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. கர்ப்பிணிகளுக்கு ஹார்மோனால் ஈறு வீங்கலாம், பிரசவத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிட்டோயின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பல் மருத்துவரிடம் போனால் ஈறின் ஆழத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய கம்பியை விளிம்புக்குள் விட்டு அளப்போம். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை நல்லது. 4-க்கு மேல் போனால் எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்க்க வேண்டும். "க்ளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். ஏற்கனவே பிடிமானம் போன பல்லைக் காரைதான் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டமும் சந்தும் தெரியவருகின்றன, சில நாள் கூச்சமும் இருக்கும். கரைந்த எலும்பு க்ளீனிங்கால் திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். ஆழம் கூடுதலாக இருந்தவர்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்கிறேன். வரும்போது மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள்.