பெங்களூரில் கல்யாண போட்டோகிராபரா? சரியான வாடிக்கையாளர் தேடி வரும் இணையதளத்தை அமைக்கும் முறை

இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் பார்த்துவிட்டு, "ரேட் என்ன?" என்று மட்டும் கேட்டு மறைந்துவிடுகிறவர்களுக்குப் பதில் எழுதியே பாதி நாள் போகிறதா? உங்கள் வேலையைப் புரிந்துகொண்டு, உங்களைத்தான் வேண்டும் என்று அழைக்கும் குடும்பங்கள் வேண்டுமானால் சொந்தமாக ஒரு இணையதளம் தேவை. கோடிங் தெரியாதவரும் வேர்ட்பிரஸ், விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்றவற்றில் இதைச் செய்துவிடலாம். எந்தக் கருவி என்பது பெரிய விஷயமில்லை. அதில் என்ன வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

படி 1: யாருக்கு என்று முதலில் எழுதுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த மாதிரி கல்யாணம் எடுக்க உங்களுக்கு ஆசை? அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களா? ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டு, கல்யாணத்தை வேலூரிலோ தர்மபுரியிலோ வைக்கிறவர்களா? பெண் வீடு தமிழ், பையன் வீடு கன்னடம் என்று இரண்டு முறைச் சடங்கும் நடக்கும் கல்யாணங்களா?

"எல்லாமே எடுப்போம்: கல்யாணம், காதுகுத்து, கார்ப்பரேட், ஃபேஷன், ப்ராடக்ட்" என்று முகப்பில் போட்டால் யாருக்கும் அது தனக்கானது என்று தோன்றாது. மற்ற வேலைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. அவற்றை முகப்புக்குக் கொண்டுவர வேண்டாம், அவ்வளவுதான்.

எழுதியதை ஒரே வரியாகச் சுருக்குங்கள். உதாரணமாக: "பெங்களூரிலும் ஓசூரிலும் நடக்கும் தமிழ்க் கல்யாணங்களை, ஒரு சடங்கும் விடாமல், இயல்பாகப் படம் பிடிக்கிறோம்." இந்த வரிதான் முகப்பின் மேலே வரப்போகிறது.

படி 2: படம் தேர்ந்தெடுப்பது

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பலரும் தங்களுடைய மிக அழகான நாற்பது படங்களை வெவ்வேறு கல்யாணங்களிலிருந்து பொறுக்கி ஒரே கேலரியில் போடுகிறார்கள். பார்க்கிறவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. நல்ல வெளிச்சத்தில் ஒரு மணப்பெண்ணை அழகாக எடுக்கப் பலராலும் முடியும். விடியற்காலை பிரம்ம முகூர்த்தத்தில், ஹோமப் புகைக்கும் மண்டபத்து மஞ்சள் லைட்டுக்கும் நடுவே, கெட்டிமேளம் கொட்டும் அந்தச் சில நொடிகளில் தாலி கட்டுவதைத் தெளிவாக எடுப்பாரா என்றுதான் குடும்பத்தினர் அறிய விரும்புகிறார்கள்.

அதனால் மூன்று அல்லது நான்கு கல்யாணங்களை முழுமையாகக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம், முப்பது நாற்பது படங்கள், நடந்த வரிசையிலேயே: நலங்கு, காசி யாத்திரை, மாலை மாற்றுதல், ஊஞ்சல், முகூர்த்தம், ரிசப்ஷன். பந்தியில் பரிமாறும் சித்தப்பா, மேடைக்குக் கீழே கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பாட்டி, நாதஸ்வரக்காரர் எல்லோரும் இருக்கட்டும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நான்கைந்து வரி எழுதுங்கள்: எந்த மண்டபம், முகூர்த்தம் எத்தனை மணிக்கு, வெளிச்சம் எப்படி இருந்தது, அதை எப்படிச் சமாளித்தீர்கள். இந்த வரிகளைப் படித்துவிட்டு அழைப்பவர் பாதி முடிவெடுத்துவிட்டுத்தான் அழைப்பார்.

இன்னொன்று: எந்த வேலை இனி வேண்டாமோ அந்தப் படத்தை வைக்காதீர்கள், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும். காட்டுவதுதான் திரும்பக் கேட்கப்படும்.

படி 3: போடுவதற்கு முன் அனுமதி

இதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுத்த புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அவர்தான், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில். அதாவது கல்யாணப் படங்கள் தானாகவே உங்களுடையவை ஆகிவிடாது. புக்கிங் ஒப்பந்தத்திலேயே, உரிமை யாருக்கு, இணையதளத்திலும் சமூக வலைத்தளத்திலும் எந்தப் படங்களைப் போடலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய வாடிக்கையாளர்களிடம் ஒரு செய்தி அனுப்பிச் சம்மதம் கேளுங்கள். குழந்தைகளின் படங்களுக்குப் பெற்றோரிடம் தனியாகக் கேட்பது நல்லது. இப்படிக் கேட்கும் போட்டோகிராபர் மேல் குடும்பங்களுக்கு மரியாதை கூடும்.

படி 4: படங்களை எடை குறைத்தல்

24 மெகாபிக்சல் கேமரா தரும் படம் 6000 x 4000 பிக்சல். அதை அப்படியே ஏற்றினால், மெட்ரோவில் போனில் பார்ப்பவர் பக்கம் திறக்கும் முன்பே போய்விடுவார். லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்யும்போது நீளமான பக்கம் 2048 பிக்சல், கலர் ஸ்பேஸ் (நிறங்களைப் பதியும் முறை) எஸ்ஆர்ஜிபி (sRGB), தரம் 75 முதல் 80 என்று வையுங்கள். அடோபி ஆர்ஜிபியில் விட்டுவிட்டால் சில திரைகளில் பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு வெளிறித் தெரியும். படங்களின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். வேர்ட்பிரஸ் 2021 முதல் வெப்பி (WebP) வகைக் கோப்பையும் ஏற்கிறது, அதில் அளவு இன்னும் குறையும்.

பிறகு, பக்கம் திறக்கும் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பெரிய படம் திரையில் வர 2.5 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. முகப்பில் தானாக ஓடும் வீடியோவும் பின்னணி இசையும் வேண்டவே வேண்டாம். போனுக்கென்று முகப்பில் ஒரு நெட்டுவாக்குப் படம் தனியாக வையுங்கள். அகலமான படம் போனில் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு மாப்பிள்ளை பாதி காணாமல் போய்விடுவார்.

படி 5: இரண்டு தலைமுறைக்கும் பேசும் பக்கம்

நம் கல்யாணங்களில் போட்டோகிராபரைத் தேடுவது பெண்ணோ பையனோ. சம்மதம் சொல்வதும், பல வீடுகளில் பணம் கொடுப்பதும் அப்பா அம்மா. மகள் லிங்க்கை வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்புவாள். அங்கே அப்பா திறந்து பார்க்கும்போது ஆங்கிலத்தில் கவித்துவமான வாசகங்கள் மட்டும் இருந்தால், "ஏம்மா, இவர் நம்ம முறையெல்லாம் தெரிஞ்சவரா?" என்ற கேள்விதான் வரும்.

ஆகவே ஆங்கிலப் பக்கத்தோடு தமிழிலும் ஒரு பக்கம் வையுங்கள். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுக்காதீர்கள், நீங்களே எழுதுங்கள். எத்தனை பேர் வருவார்கள், எந்தச் சடங்குகளை எடுப்பார்கள், ஆல்பம் எத்தனை நாளில் கைக்கு வரும், குடும்ப குரூப் போட்டோவுக்கு நேரம் ஒதுக்குவார்களா: பெற்றோர் கேட்பது இவைதான். யூனிகோட் எழுத்துரு பயன்படுத்துங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும் என்பதால் வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், பட்டன்களில் உடைந்து போகின்றனவா என்று போனில் பார்த்துவிடுங்கள்.

படி 6: விலையும் விசாரணைப் படிவமும்

தொடக்க விலையைக் கட்டாயம் போடுங்கள். "ஒரு நாள் கல்யாணம் இவ்வளவிலிருந்து, இதில் இன்னின்ன அடங்கும்" என்று ஒரு வரி போதும். விலையை மறைத்தால் வாடிக்கையாளர் கூடுவார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. வெறும் விசாரணைகள்தான் கூடும். வெளியூர்ப் பயணம், தங்குமிடம் யார் செலவு என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

படிவத்தில் பெயர், போன் நம்பர் தவிர நான்கு கேள்விகள்: தேதி, முகூர்த்த நேரம், மண்டபம், எத்தனை நிகழ்ச்சிகள். முகூர்த்த நேரம் தெரிந்தால் குழு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், என்ன லைட் கொண்டுபோக வேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடலாம். இதற்கு மேல் விவரம் கேட்டால் பலர் நிரப்பாமல் மூடிவிடுவார்கள். பக்கத்திலேயே ஒரு வாட்ஸ்அப் பட்டனும் இருக்கட்டும்.

படி 7: கூகுளில் தெரிவது

கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் உங்கள் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர் முகவரியை மறைத்துவிட்டு, வேலை செய்யும் பகுதிகளை மட்டும் காட்டலாம். பக்கத் தலைப்புகளில் பெங்களூரு, பேங்களூர் இரண்டும் எங்காவது வரட்டும். ஊரின் பெயர் 2014-இல் அதிகாரபூர்வமாக மாறினாலும் பழைய பெயரில் தேடுகிறவர்கள் நிறையப் பேர். படக் கோப்பின் பெயர் வெறும் எண்ணாக இல்லாமல், அந்தப் படத்தில் இருக்கும் சடங்கும் இடமும் வரும்படி மாற்றி ஏற்றுங்கள். ஆல்பம் கொடுத்த அன்றே ரிவ்யூ கேளுங்கள், அப்போதுதான் மனம் நிறைந்து எழுதுவார்கள்.

டொமைன், அதாவது இணையதளத்தின் முகவரிப் பெயர், உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் பதிவாகியிருக்க வேண்டும். டிசைனர் வைத்துச் செய்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது. அந்த நாட்களை இணையதளத்துக்கு ஒதுக்குங்கள். கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து, எந்தச் சொற்களைத் தேடி மக்கள் வந்தார்கள் என்று பாருங்கள். பழைய கல்யாணம் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த சீசனில் மனதுக்குப் பிடித்துச் செய்த ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள். விலை மாறியிருந்தால் தமிழ்ப் பக்கத்திலும் மாற்றுங்கள்.