ரேஞ்ச் போடும் முன் அந்த ஒரு போர்ட்டைத் தேடுங்கள்

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதி. அதன் பின்கட்டில், கேபிள் செருகும் 24 போர்ட் உள்ள ஒரு சிஸ்கோ ஸ்விட்ச், அதாவது நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி. அறைகளுக்குப் போகும் போர்ட்டுகளை எல்லாம் விருந்தினருக்கான வீலேன் 30-க்கு (ஸ்விட்ச்சுக்குள் தனியாகப் பிரித்து வைத்த நெட்வொர்க்) மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒவ்வொரு போர்ட்டாக உள்ளே போய் மூன்று மூன்று வரி அடித்தால் 72 வரி. 'இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் கிகாபிட்ஈதர்நெட் 1/0/1 - 24' என்று எல்லாப் போர்ட்டுகளையும் ஒரே கமாண்டில் பிடித்தால் மூன்றே வரி. அஸ்தம்பட்டியில் வீட்டில் உட்கார்ந்தபடி நோட்பேடில் எல்லாவற்றையும் எழுதி, கடைசி வரியாக, கன்ஃபிக்கை (ஸ்விட்ச்சின் அமைப்பு வரிகளை) நிரந்தரமாகச் சேமிக்கும் 'ரைட் மெமரி'யையும் சேர்த்து, தொலைவிலிருந்தே ஸ்விட்ச்சின் கமாண்ட் திரையில் அப்படியே காப்பி செய்து ஒட்டினேன். அடுத்த நொடி திரை உறைந்துவிட்டது.

ஐந்து நிமிடத்தில் மேனேஜர் கூப்பிட்டார். "தம்பி, பின்னாடி கட்டுல நெட் சுத்தமா போயிருச்சுங்க." ஸ்விட்ச்சை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னேன். செய்தார். ஒன்றும் மாறவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஸ்விட்ச்சில் நேரடியாகச் செருகி வேலை செய்யும் கன்சோல் கேபிளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடிவாரத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்த்தான் சரிசெய்தேன்.

அங்கே நடந்தது ஒரு தவறல்ல, மூன்று. முதலாவது, அப்லிங்க், அதாவது மெயின் நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்பு, எங்கே இருக்கிறது என்று பார்க்காதது. அந்த மாடலில் ஃபைபர் செருகும் இடங்கள் 25 முதல் 28 வரை தனியாக இருக்கும். அதனால் 1 முதல் 24 வரை எல்லாம் அறைக்குப் போகிற போர்ட்டுகள்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஆனால் நம்மூரில் பல இடங்களில் ஃபைபர் நேராக ஸ்விட்ச்சுக்கு வருவதில்லை. ஃபைபரைச் செம்புக் கேபிளுக்கு மாற்றும் ஒரு சின்ன மீடியா கன்வெர்ட்டர் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து சாதாரண பேட்ச் கார்ட் வழியாகக் கடைசி போர்ட்டில் ஏறும். இங்கேயும் அப்படித்தான். 25 முதல் 28 வரை காலி. கீழே மெயின் ரேக்குக்குப் போகும் டிரங்க் (பல வீலேன்களை ஒன்றாகச் சுமக்கும் இணைப்பு) 24-இல் இருந்தது. போர்ட்டை ஒரே வீலேனுக்கு மட்டும் என்று ஆக்கும் 'ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்' என்ற வரி அந்தப் போர்ட்டிலும் விழுந்தது. நான் எந்த வழியாக உள்ளே வந்தேனோ அந்த வழியையே வெட்டிவிட்டேன். உட்கார்ந்த கிளையை வெட்டிய கதைதான்.

இரண்டாவது தவறு, அந்த 'ரைட் மெமரி'. ரேஞ்சுக்குள் அடிக்கும் ஒவ்வொரு வரியும் எண்டர் தட்டியதுமே அமலுக்கு வந்துவிடும்; கடைசியில் மொத்தமாக ஒருமுறை நடப்பதில்லை. சேமிக்காமல் விட்டிருந்தால் மேனேஜர் ஆஃப் செய்து ஆன் செய்ததும் பழைய கன்ஃபிக் திரும்ப வந்திருக்கும். மலை ஏற வேண்டிய அவசியமே இருந்திருக்காது. ஆனால் திரை உறைவதற்குள், ஒட்டிய வரிகள் எல்லாம் ஸ்விட்ச்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. தவறைச் செய்ததோடு நில்லாமல் அதைப் பத்திரப்படுத்தியும் வைத்தேன்.

மூன்றாவது, திரும்பி வர ஒரு வழி வைக்காதது. தொலைவிலிருந்து வேலை செய்யும்போது, எதையும் தொடும் முன் 'ரீலோட் இன் 10' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து ஸ்விட்ச் தானாக ரீஸ்டார்ட் ஆகும். எல்லாம் நல்லபடியாக நடந்தால் 'ரீலோட் கேன்சல்' என்று நிறுத்திவிட்டு, அப்புறம் சேமிக்கலாம். இடையில் சேமித்துவிட்டால் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இல்லை. ஜூனிப்பர் கம்பெனியின் பெட்டிகளில் 'கமிட் கன்ஃபர்ம்டு 10' என்று இதைவிட நாகரிகமான வழி இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால் ரீஸ்டார்ட் இல்லாமலே பழைய நிலைக்குப் போய்விடும்.

சரி, அப்லிங்க்கை எப்படிக் கண்டுபிடிப்பது? 'ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்' போட்டால் எந்தப் போர்ட்டுகள் டிரங்காக இருக்கின்றன என்று தெரியும். 'ஷோ சிடிபி நெய்பர்ஸ்' அடுத்த முனையில் இருக்கும் சிஸ்கோ பெட்டியைக் காட்டும். வேறு கம்பெனி ஸ்விட்ச் என்றால் எல்எல்டிபி என்ற பொதுவான அறிமுக முறை இரு பக்கமும் ஓட வேண்டும். இரண்டிலும் பிடிபடாவிட்டால் மேக் அட்ரஸ் (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள தனி முகவரி) டேபிளைப் பாருங்கள். ஒரே போர்ட்டில் முப்பது நாற்பது மேக் அட்ரஸ் குவிந்திருந்தால் அதன் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் இல்லை.

எங்கள் வீட்டில் அப்பா காலத்தில் அம்மாபேட்டையில் தறி ஓடியது. டிசைனை ஓட்டைகளாகக் குத்தி வைக்கும் ஜக்கார்டு அட்டையில் ஒரு ஓட்டை இடம் மாறி விழுந்தால், அந்த டிசைன் வரும் இடத்தில் எல்லாம் அதே தப்பு வரிசை பிசகாமல் வரும். தறி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ரேஞ்ச் கமாண்டும் அதே ஜாதி.

அடுத்து, 'ஆட்' என்ற ஒரு சொல்லை விடுவது. இதில் அடிபடாத நெட்வொர்க்காரரை நான் பார்த்ததில்லை. நான்கு டிரங்க் போர்ட்டுகளில் ஏற்கெனவே 10, 20, 30 என்று வீலேன்கள் போய்க்கொண்டிருக்கின்றன. புதிதாக 40-ஐச் சேர்க்க வேண்டும். 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு வீலேன் 40' என்று அடித்தால் ஸ்விட்ச் அதைச் சேர்ப்பதாக எடுத்துக்கொள்ளாது; இனிமேல் 40 மட்டும் போதும் என்று எடுத்துக்கொண்டு பழைய மூன்றையும் தூக்கி எறிந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. எழுத வேண்டியது 'அலவ்டு வீலேன் ஆட் 40'. ஒரு போர்ட்டில் இந்தத் தப்பு நடந்தால் ஒரு மாடி படுக்கும். ரேஞ்சில் நடந்தால் நான்கு மாடியும் ஒன்றாகப் படுத்துவிடும். ஒரு வழி போனால் இன்னொரு வழி என்று வைத்திருந்த மாற்று லிங்க்கும் சேர்ந்தே போகும்.

வீலேன் எண்ணைத் தப்பாக அடிப்பதும் இப்படித்தான் சத்தமில்லாமல் நடக்கும். 30 என்பதற்குப் பதில் 300 என்று விழுந்துவிட்டால், அப்படி ஒரு வீலேன் இல்லை, உருவாக்குகிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் சிஸ்கோவின் பல கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்சுகள் அதை உருவாக்கியே விடும். போர்ட்டில் பச்சை விளக்கு எரியும். ஐபி முகவரி மட்டும் கிடைக்காது. நாம் அந்த முகவரியைக் கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரைக் குடைந்துகொண்டிருப்போம்.

போர்ட்ஃபாஸ்ட் (போர்ட்டைக் காத்திருக்காமல் இயங்க வைப்பது), பிபிடியு கார்டு (வேறு ஸ்விட்ச் மாட்டாமல் காப்பது), போர்ட் செக்யூரிட்டி (மேக் அட்ரஸ்களுக்குக் கட்டுப்பாடு) மூன்றையும் ஒரே மூச்சில் எல்லாப் போர்ட்டிலும் போடுகிறவர்கள் உண்டு. நோக்கம் நல்லதுதான். ஆனால் பிபிடியு கார்டு போட்ட போர்ட்டில் இன்னொரு ஸ்விட்ச் அனுப்பும் பிபிடியு என்ற செய்தி வந்தால் போர்ட் உடனே எர்-டிசேபிள் ஆகி மூடிக்கொள்ளும். சமையல்கட்டுக்கு யாரோ எப்போதோ நீட்டிவிட்ட ஒரு ஸ்விட்ச் அந்த ரேஞ்சுக்குள் மாட்டியிருந்தால் சமையல்கட்டு பில்லிங் மெஷின் நின்றுபோகும். தானாக மீள வைக்கும் வசதியை நாம் தனியாக இயக்க வேண்டும். இயக்கினால் வழக்கமாக 300 விநாடியில் மறுபடி முயலும். போர்ட் செக்யூரிட்டியில் இன்னொரு சிக்கல். எண்ணிக்கை எதுவும் சொல்லாவிட்டால் ஒரு போர்ட்டுக்கு ஒரே ஒரு மேக் அட்ரஸ்தான் அனுமதி. மீறினால் போர்ட் மூடிக்கொள்ளும். வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் மாட்டிய போர்ட்டில் இது எத்தனை நேரம் தாங்கும்? ஆக்சஸ் பாயிண்டுக்கே ஒரு மேக் அட்ரஸ் போய்விடும், அதனால் முதல் விருந்தினர் போனை எடுக்கும் வரை.

இன்னொன்றும் உண்டு, இது பொறுமையைச் சோதிக்கிற வகை. ரேஞ்சுக்குள் போனதும் திரையில் 'கன்ஃபிக்-இஃப்-ரேஞ்ச்' என்று மட்டும்தான் தெரியும். எந்தெந்தப் போர்ட்டுகள் என்று தெரியாது. நடுவில் ஒரு போன் வரும், பேசிவிட்டுத் திரும்புவோம். ஒற்றைப் போர்ட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பில் 'டிஸ்கிரிப்ஷன் அறை 204' என்று அடிப்போம். 24 போர்ட்டும் அறை 204 ஆகிவிடும். பெயர்களை மறுபடி எழுத ஒரு மதியம் போகும். அதுவே 'ஷட்டவுன்' ஆக இருந்தால் பேச்சே வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் போர்ட்டுகளைச் சும்மா ஒருமுறை மூடித் திறக்கலாம் என்று ரேஞ்சில் 'ஷட்டவுன்' போட்டேன். கேமராக்கள் எல்லாம் பிஓஇ-யில், அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே வரும் கரண்டில், ஓடுபவை. போர்ட்டை மூடினால் கரண்டும் நின்றுவிடும். வெள்ளி எடை போடுகிற நேரம் அது. கேமராக்கள் மறுபடி ஏறி வர இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடமும் முதலாளி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும் முன் 'எக்சிட்' அடிக்கும் பழக்கம் அன்று வந்தது.

எழுத்து முறைத் தவறுகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், ஸ்விட்ச்சே திட்டிவிடும். சிஸ்கோவின் பழைய ஐஓஎஸ் மென்பொருளில் ரேஞ்சில் வரும் கோட்டுக்கு (-) முன் இடைவெளி விடாவிட்டால் ஏற்காது. ஒரே ஸ்விட்ச் போல இயங்கும்படி சேர்த்த ஸ்டேக்கில் இரண்டு ஸ்விட்ச் இருந்தால் ஒரே கோட்டில் இரண்டையும் தாண்ட முடியாது. கிகாபிட்ஈதர்நெட் 1/0/1 - 24, கிகாபிட்ஈதர்நெட் 2/0/1 - 24 என்று காற்புள்ளி போட்டுப் பிரிக்க வேண்டும்.

பழைய கன்ஃபிக்குக்கு மேலேயே புதியதை எழுதுவது இன்னும் மோசம். முன்பு ஐபி போன் இருந்த போர்ட்டில் வாய்ஸ் வீலேன் அப்படியே கிடக்கும், போர்ட் செக்யூரிட்டி பதிந்து வைத்த ஸ்டிக்கி மேக் அட்ரஸ் கிடக்கும். புது வரிகள் அவற்றை அழிக்காது. 'டிஃபால்ட் இன்டர்ஃபேஸ் ரேஞ்ச்' போட்டுத் துடைத்துவிட்டு ஆரம்பிப்பதே என் வழக்கம். ஆனால் பாதுகாப்புக்காக மூடி வைத்திருந்த போர்ட்டுகளும் அதில் திறந்துகொள்ளும், கவனம்.

முடித்த பிறகு 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்' போட்டு வீலேன் பத்தியை மேலிருந்து கீழே ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். ரன்னிங் கன்ஃபிக்கில் (இப்போது அமலில் உள்ள கன்ஃபிக்) ரேஞ்ச் என்ற சொல்லே இருக்காது. ஒவ்வொரு போர்ட்டும் தனித்தனியாகத்தான் எழுதப்பட்டிருக்கும். எந்தப் போர்ட்டில் எந்த வரி ஏறவில்லை என்று அங்கேதான் பிடிக்க முடியும்.

அந்த ஏற்காட்டு ஸ்விட்ச்சில் 24-ஆம் போர்ட்டுக்கு மேலே சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு வந்தேன். 23-ஐயும் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று டிரங்காக்கி வைத்தேன். போன ஐப்பசி மழையில் இடி இடித்து மீடியா கன்வெர்ட்டர் போய்விட்டது, யாரோ ஒரு பையன் புதிது மாட்டிவிட்டுப் போனான். அப்புறம் ஒரு புதுக் கேமராவுக்காக, சும்மா கிடக்கும் 23-ஐ எடுத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் 'ஷோ சிடிபி நெய்பர்ஸ்' அடித்தேன். கீழ் ரேக் ஸ்விட்ச் 23-இல் தெரிந்தது. சிவப்பு டேப் இன்னமும் 24-இன் மேல்தான் ஒட்டியிருந்தது.