டி-லாக்கில் படம் பிடிக்கும்போது திரையை நம்பி ஏமாறாதீர்கள்

பணகுடிப் பக்கம் காற்றாலைகளை ட்ரோனில் எடுத்துக்கொண்டு வந்து கணினியில் போட்டால், இறக்கைகளைக் காணவில்லை. வெள்ளை இறக்கை வெள்ளை மேகத்தில் கரைந்துவிட்டது. அந்தப் பயத்தில் அடுத்த முறை வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). இறக்கை பிழைத்தது, கீழே இருந்த பனைமரங்களின் நிழலெல்லாம் கேழ்வரகு மாவைத் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக இருந்தது.

இந்த இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது. டி-லாக் என்பது பிறகு நிறம் திருத்திக்கொள்வதற்காகப் படத்தை வெளிறலாகப் பதிவுசெய்யும் முறை. அதில் கைப்பேசித் திரை சாம்பல் பூசியதுபோலத் தெரியும். வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடுகிறோம். பிறகு கலர் கிரேடிங்கில், அதாவது கணினியில் நிறம் திருத்தும்போது, நிழலைத் தூக்கினால், அங்கே ஒளிந்திருந்த இரைச்சலும் (அந்தப் புள்ளிகளும்) சேர்ந்து எழுந்துவருகிறது. உச்சி வெயிலில் அந்தத் திரையைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்: மேடு வலது சுவரை நெருங்க வேண்டும், முட்டக் கூடாது. வெளிச்சம் மிஞ்சும் இடத்தைக் காட்டும் ஜீப்ரா கோடுகளையும் போட்டுக்கொள்ளுங்கள். தாமிரபரணித் தண்ணீரில் மின்னும் வெயில் துணுக்குகள் வெளுத்தால் வெளுக்கட்டும். வயலில் நிற்கும் கொக்கின் முதுகில் கோடு விழுந்தால் உடனே குறையுங்கள்.

வெளிச்ச அளவைக் கேமராவே முடிவுசெய்யும்படி ஆட்டோவில் விடுவது அடுத்த தவறு. அம்பாசமுத்திரத்து வயலிலிருந்து பொதிகை மலை நோக்கிக் கேமராவை நிமிர்த்துகிறீர்கள். வானம் உள்ளே வந்ததும் வயல் பாதியில் இருண்டுபோகும். அதை எந்தக் கிரேடிங்கும் ஒழுங்காகச் சரிசெய்யாது. காட்சி முடியும் இடத்தை முதலில் பார்த்து, அந்த வானத்துக்கு வெளிச்ச அளவை வைத்துவிட்டுத் தொடக்கத்துக்கு வாருங்கள். நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வெண்சமநிலையையும் 5600 கெல்வினில் பூட்டிவிடுங்கள். நிறப் படிகள் அதிகமுள்ள 10 பிட் பதிவு இருந்தால் அதையே எடுங்கள்; 8 பிட்டில் நீல வானம் படிக்கட்டாகிவிடும்.

கேமரா முன் மாட்டி ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டரில் கணக்குத் தப்புகிறது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 2.8 என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/3200 நொடி. அசைவு இயல்பாகத் தெரிய, நொடிக்கு 25 பிரேமுக்கு வேண்டியது அதன் இரு மடங்கான 1/50. இடைவெளி ஆறு ஸ்டாப், அதாவது என்டி64. பலர் கொண்டுவரும் என்டி8 மூன்று ஸ்டாப்தான் குறைக்கும்.

அணுமின் நிலையம் இருக்கும் கூடங்குளம் பக்கம் மட்டும் ட்ரோனை எடுத்துப் போய்விடாதீர்கள். அது வேறு வகைத் தவறு.

சாரல் காலத்தில் வெயிலும் மேகமும் மாறி மாறி வரும். வெயிலுக்கு வைத்த அளவை மேகம் மூடியதும் மாற்றாமல், ட்ரோனை அந்தரத்தில் நிறுத்திக் காத்திருங்கள். பேட்டரி தீர்வதற்குள் மேகம் விலகிவிடும் என்பது என் நம்பிக்கை. பல நாள் விலகியதில்லை.